அளவாய்ப் பூசிய பசையும் ஆயுள் நீண்ட எஞ்சினும்

அடுப்பங்கரையில் தாய்மார் புட்டு அவிப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். பானையின் வாயில் நீற்றுப்பெட்டியை வைத்தபின், இரண்டும் பொருந்தும் இடத்தில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றிவிடுவர். துணி சுற்றாவிட்டால் ஆவி இடுக்கு வழியாக ஓடிவிடும், புட்டு வேகாது. அதே துணியை அளவுக்கு மீறிப் பானைக்குள் திணித்துவிட்டாலோ, ஆவி ஏறும் வழியே அடைபட்டுப்போம். அப்போதும் புட்டு வேகாது. இரண்டு பிழைகளுக்கும் பலன் ஒன்றே.

மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையிலும் இந்த நீதியே ஆட்சி செய்கிறது. எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் வைக்கப்படும் காஸ்கெட்டும், அதனோடு பூசப்படும் பசையும் அந்த ஈரத்துணியின் வேலையைத்தான் செய்கின்றன. காஸ்கெட்டைப் ‘பக்கிங்’ என்று சொல்வோரும் உண்டு. பசை குறைந்தால் எண்ணெய் வெளியே ஒழுகும். மிகுந்தால் என்ன நேரும்? அதை அறியாதவர்களே பெரும்பாலோர். அதுபற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது நாட்டில் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேதான் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டி ஓட்டுவதைத் தவிர எளிய குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்றும் புதிய சைக்கிள் வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்த்துவிடவில்லை. பழைய எஞ்சின் ஒன்றைச் செம்மையாகப் பூட்டத் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும் அறிவாகும்.

ஒரு பையனின் அனுபவம்

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வடமராட்சிக் கரையோரத்தில் வாழ்கிறது. தந்தையார் விடியற்காலையில் கரையில் மீன் வாங்கி, பெட்டியில் அடுக்கி, தமது 90 சி.சி. மோட்டார் சைக்கிளிலே கொடிகாமம் பக்கம் கொண்டுசென்று விற்பவர். எஞ்சின் நாள்பட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மூத்த மகன், “நான் பூட்டுகிறேன், ஐயா” என்று துணிந்து முன்வந்தான்.

பையன் கெட்டிக்காரன். எஞ்சினை ஒழுங்காகவே கழற்றினான், புதிய வளையங்கள் போட்டான், பூட்டினான். மீண்டும் ஒரு துளி எண்ணெயும் ஒழுகக் கூடாது என்ற ஆர்வத்தினால், கடையிலே வாங்கிய சிலிக்கன் பசைக் குழாய் முழுவதையும் எஞ்சினின் இணைப்புகளிலே பிதுக்கி முடித்தான். எஞ்சின் ஓடியது, வெளியே ஒரு துளி எண்ணெயுமில்லை. வீட்டார் மகிழ்ந்தனர். பத்தாம் நாள் காலை, மீன் பெட்டியோடு சென்ற தந்தையார் நடுவழியில் நின்றுவிட்டார். எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து கடகடவென்று ஓசை எழுந்து, பின் எஞ்சின் இறுகிப்போயிற்று. அன்றைய மீனும் பழுதாயிற்று.

ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் வந்து வலப்பக்க மூடியைக் கழற்றினார். எண்ணெய்ப் பம்பிக்குச் செல்லும் வழியிலுள்ள கம்பி வலையை உருவி எடுத்துப் பையனிடம் காட்டினார். இடியப்பச் சிக்கைப் போல ரப்பர் நூல்கள் அதன் மேல் அப்பிக்கிடந்தன. உள்ளே பிதுங்கிய சிலிக்கன் பசை இறுகி, பிய்ந்து, எண்ணெயோடு சேர்ந்து வந்து வலையை மூடியிருந்தது. எண்ணெய் மேலே ஏறாததனால், வால்வுகளைத் திறக்கும் காம்தண்டும் அது சுழலும் அலுமினியத் தலையும் கீறிப் பாழாகியிருந்தன.

பையன் தலைகுனிந்து நின்றான். பெரியவர் கோபிக்கவில்லை. “தம்பி, எண்ணெய் வெளியாலை ஒழுகினா கண்ணுக்குத் தெரியும், துடைச்சுப்போட்டு ஓடலாம். உள்ளுக்கை அடைச்சா ஆருக்குத் தெரியும்?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இத்தொழிலின் சாரமே அடங்கியுள்ளது என்பது நமது எண்ணம். வெளியொழுக்கு அவமானந் தரும். உள்ளடைப்பு எஞ்சினையே கொல்லும்.

ஏன் வேண்டும் இந்த இணைப்பு?

இரண்டு உலோக முகங்களை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் அவற்றில் கண்ணுக்குப் புலனாகாத மேடுபள்ளங்கள் இருந்தே தீரும். அன்றியும் எஞ்சின் சூடேறும்போது பாகங்கள் விரிகின்றன. அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே இணைப்புகள் ஒவ்வொரு பயணத்திலும் சற்றே அசைந்து கொடுக்கின்றன. இந்த அசைவைத் தாங்கி, பள்ளங்களை நிரப்பி நிற்பதே காஸ்கெட்டின் கடமை.

எல்லா இணைப்புகளும் ஒரே தன்மையன அல்ல. சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையேயுள்ள இணைப்பு, பெற்றோல் எரியும்போது எழும் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. அவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் முப்பது மடங்குக்கும் மேற்படும். எரியும் வாயுவின் வெப்பமோ 2000 பாகை செல்சியசைத் தாண்டும். கிளச்சு மூடி போன்றவற்றின் இணைப்போ, சூடான எண்ணெயை மாத்திரம் தடுத்தாற் போதும். முன்னது போர்க்களத்து வீரன். பின்னது வாசற் காவலன். இருவருக்கும் ஒரே உடை பொருந்தாது.

பசைகளின் வகைகள்

முற்காலத்தில் மெக்கானிக்குமார் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினர். அது இறுகிக் கெட்டியாகும். கழற்றும்போது சுரண்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இன்று கடைகளிற் கிடைப்பவற்றை நான்கு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, இறுகாத பசை. விமான எஞ்சின்களின் தேவைக்காக ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் தொடர்பில் உருவான ‘ஹைலோமார்’ என்னும் நீலப் பசை இவ்வகையது. இது எந்நாளும் பிசுபிசுப்பாகவே இருக்கும். காகிதக் காஸ்கெட்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசவும், பின்னர் கழற்றவும் எளிது.

இரண்டாவது, கரைப்பான் கலந்த பசை. பூசிச் சில நிமிடங்களில் கரைப்பான் ஆவியாகி, இளகிய ரப்பர் போன்ற படலம் எஞ்சும். கிராங்க்கேஸின் இரு பாதிகளைக் காஸ்கெட்டின்றி நேரே பொருத்தும் எஞ்சின்களில் இது பெரிதும் பயன்படுகிறது.

மூன்றாவது, பையன் பயன்படுத்திய சிலிக்கன். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ரப்பராக இறுகுவது. பெரிய இடைவெளிகளை நிரப்ப வல்லது, எண்ணெயைத் தாங்குவது. ஆயினும் சாதாரண சிலிக்கன் பெற்றோல் பட்டால் ஊதிப் பிய்ந்துவிடும். எனவே கார்புரேட்டரிலும் பெற்றோல் குழாய்த் திருகியிலும் இதைப் பூசலாகாது. மேலும் குளியலறைக்கென விற்கப்படும் மலிவான சிலிக்கன்களிற் பல, இறுகும்போது வினாகிரி மணம் வீசுவன. அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். எஞ்சினுக்கென்றே செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

நான்காவது வகை விந்தையானது. காற்றுப் படும்வரை திரவமாகவே இருந்து, காற்றில்லாத உலோக இடுக்கினுள் அகப்பட்டதும் இறுகுவது. இதனை 1950களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் என்பார் வளர்த்தெடுத்து வாணிகப் பொருளாக்கினார். இதன் போத்தல்கள் நிரம்ப அடைக்கப்படாமல், காற்று ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக்கினால் செய்யப்படுவதன் காரணமும் இதுவே. உள்ளே பிதுங்கிய மிகுதி இறுகாமல் எண்ணெயோடு கரைந்துபோவது இதன் பெருஞ் சிறப்பு. ஆயின் இருபுறமும் உலோகமாக இருத்தல் வேண்டும். இடைவெளியும் மிக நுண்ணியதாய் இருத்தல் வேண்டும். காகிதக் காஸ்கெட்டோடு இது சேராது.

பூசுவதற்கு முன்

வேலையின் பெரும்பகுதி பசைக் குழாயைத் திறப்பதற்கு முன்னரே முடிந்துவிடல் வேண்டும். பழைய காஸ்கெட்டின் எச்சங்களை அகற்றுவதே முதற் பணி. அவசரத்தில் திருப்புளியால் சுரண்டுவோர் அலுமினிய முகத்தில் வாய்க்கால் வெட்டுகின்றனர். அவ்வாய்க்கால் வழியே எண்ணெய் ஒழுகும்; எவ்வளவு பசை பூசினும் நிலையாது. வைரமான மரத்துண்டையோ பிளாஸ்டிக் தகட்டையோ கூர்செய்து சுரண்டுவதே தக்கது. பிடிவாதமான எச்சங்களைக் கரைப்பானால் ஊறவைத்துப் பொறுத்திருந்து எடுத்தல் நலம். உராய்வுப் பஞ்சுகளால் தேய்ப்பதும் ஆபத்தே. அவற்றிலிருந்து உதிரும் கடினமான துகள்கள் எஞ்சினுள் விழுந்தால் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பின்னர் நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டத்தை முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அதனடியில் மெல்லிய அளவுத்தகட்டைச் செருகிப் பார்த்தல் வேண்டும். சிறு எஞ்சின்களின் கையேடுகள் பல, சிலிண்டர் தலையின் கோணலை 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரையே அனுமதிக்கின்றன. சிறிய கோணலாயின், தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் நுண்ணிய எமரித் தாளைப் பரப்பி, சிறிது எண்ணெய் விட்டு, எட்டு என்ற இலக்க வடிவில் மெல்லத் தேய்த்து மட்டமாக்கலாம். கோணலைப் பசையால் மறைக்க எண்ணுவது, சரிந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

இறுதியாக, எண்ணெய்ப் பசுமை சற்றுமின்றி இரு முகங்களையும் துடைத்து உலரவிடல் வேண்டும். எண்ணெய் படிந்த முகத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. போல்ட் இறங்கும் அடைபட்ட துளைகளையும் மறவாது உலர்த்துதல் அவசியம். அத்துளைகளில் எண்ணெயோ பசையோ தேங்கியிருக்கப் போல்டை இறுக்கினால், ஓட இடமில்லாத திரவம் வார்ப்பையே வெடிக்கச் செய்துவிடும்.

பூசும் முறை

இங்கேதான் கைப்பக்குவம் வேண்டப்படுகிறது. காஸ்கெட்டின்றிப் பொருத்தும் இணைப்பாயின், ஒரு முகத்தில் மாத்திரம் பூசினாற் போதும். விரல்நுனியாலோ சிறு தூரிகையாலோ சீரான மெல்லிய படலமாகப் பரப்புதல் வேண்டும். உலோகத்தின் நிறம் பசையினூடே மங்கலாகத் தெரியுமளவு மெல்லியதாக இருப்பது நன்று. போல்ட் துளைகளைச் சுற்றி முழு வட்டமாகப் பூச வேண்டும்; அவற்றின் வழியாகவே எண்ணெய் அடிக்கடி கசியும்.

எண்ணெய் செல்லும் துவாரங்களையும் கிராங்க்தண்டின் பேரிங்குகளையும் நெருங்கும்போது 2 முதல் 3 மில்லிமீற்றர் இடம் விட்டுப் பூசுதல் வேண்டும். முகங்கள் அழுந்தும்போது பசை தானே அவ்விடத்திற்குப் பரவும். விளிம்புவரை பூசினால் அது துவாரத்தினுள்ளேயே பிதுங்கும். பையன் செய்த பிழை அதுவே.

காகிதக் காஸ்கெட் உள்ள மூடிகளுக்கு, நல்ல புதிய காஸ்கெட்டாயின், பசை பெரும்பாலும் வேண்டுவதேயில்லை. சிறிது கிறீஸ் தடவிப் பொருத்தினால் அடுத்த முறை கழற்றும்போது கிழியாமல் வரும். பசை பூச விரும்பின், ஒருபுறம் மாத்திரம் இறுகாத பசையை மெல்லத் தடவலாம்.

பசை உண்மையாகவே வேண்டப்படும் இடம் ஒன்றுண்டு. கிராங்க்கேஸின் இரு பாதிகள் சேரும் கோட்டின் மேல் சிலிண்டர் வந்து அமருகின்றது; அங்கே மூன்று பாகங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. கிராங்க்கேஸ் காகிதம் மேலே துருத்திக்கொண்டிருப்பின் கூரிய பிளேடால் மட்டமாக வெட்டி, அப்புள்ளியில் கடுகளவு பசை வைத்தல் தகும். கிராங்க்கேஸினுள்ளே ஊடுருவும் துளைகளில் இறங்கும் போல்ட்டுகளின் புரிகளுக்கும் சிறிது பசை தேவை.

பூசக் கூடாத இடங்கள்

சிலிண்டர் தலைக் காஸ்கெட்டுக்குக் கையேடு சொன்னாலன்றிப் பசை பூசலாகாது. அங்குள்ள வெப்பத்தில் சாதாரணப் பசை கருகிவிடும். கருகிய இடம் வாயுவுக்கு வழியாகும். பழைய எஞ்சின்களிலுள்ள தனிச் செப்புக் காஸ்கெட்டைச் செந்தணலாகக் காய்ச்சி ஆறவைத்தால் அது மீண்டும் இளகும். அழுந்தி இறுகிப்போன செப்பு அப்போதே பள்ளங்களை நிரப்பும். எண்ணெய் மேலேறும் வழியிலுள்ள ஓ ரிங்குகளுக்கும் பசை ஆகாது. சிறிது எண்ணெய் தடவினாற் போதும். எண்ணெய்ப் பம்பியின் முகங்களிலும் பசை கூடாது.

காஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் பசையை மாத்திரம் பூசிச் சமாளிப்பதும் தவறு. சில எஞ்சின்களில் காஸ்கெட்டின் தடிப்பே உள்ளிருக்கும் தண்டுகளுக்கு வேண்டிய இடைவெளியை அளிக்கிறது. அரை மில்லிமீற்றர்த் தாளை நீக்கினால் தண்டுகள் இறுகிச் சுழலாமற் போகலாம். காஸ்கெட் கிடைக்காதபோது, அதே தடிப்புள்ள காஸ்கெட் தாளை மூடியின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்புகளில் மெல்லத் தட்டி அச்செடுத்து வெட்டிக்கொள்ளலாம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் உதிரிப்பாகங்களும் எரிபொருளும் அரிதாகி, வடபகுதியில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அத்தகைய காலங்களில் கைவெட்டுக் காஸ்கெட்டுகள் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

இரண்டடி எஞ்சின் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அவ்வகை எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கிராங்க்கேஸ் வழியாகவே செல்கின்றன. அங்கே இணைப்புக் கசிந்தால் எண்ணெய் வெளியேறுவதோடு நில்லாது. வெளிக்காற்று உள்ளே புகும். கலவை மெலிந்து, பிஸ்டன் அளவுமீறிச் சூடேறி, சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். வேகமாகச் செல்லும்போது பின்சில்லு திடீரென நின்றால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. எனவே அங்கே பெற்றோலைத் தாங்கும் பசையையே கையாள வேண்டும்.

இறுக்குதலும் காத்திருத்தலும்

முகங்களை ஒன்றுசேர்த்தபின் அசைத்துத் திருப்பலாகாது, படலம் கிழியும். போல்ட்டுகளை முதலில் கையால் இறக்கி, பின் நடுவிலிருந்து வெளிநோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணைகளில் இறுக்குதல் வேண்டும். ஒரு மூலையை முற்றாக இறுக்கிவிட்டு மறுமூலைக்குச் செல்வோர் மூடியைக் கோணலாக்குகின்றனர். 6 மில்லிமீற்றர் போல்ட்டுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் இறுக்கத்தையே வேண்டுவன. அளவு காட்டும் டோர்க் ஸ்பானர் கிடைக்குமாயின் இரவல் வாங்கியேனும் பயன்படுத்துங்கள். பலத்தைக் காட்டினால் புரி அறும்.

அடுத்தது பொறுமை. சிலிக்கன் முற்றாக இறுகப் பொதுவாக 24 மணி நேரம் வேண்டும். மாலையிற் பூட்டி, அன்றிரவே எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இளைஞர்க்குக் கடினமான பாடம்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒழுகினால், மறுபடி பசையைத் தேடாதீர்கள். கிராங்க்கேஸின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். பிஸ்டன் கீழிறங்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அது வெளியேறும் குழாய் சேற்றாலோ மடிப்பாலோ அடைபட்டிருந்தால், அவ்வழுத்தம் பலவீனமான இணைப்பைத் தேடி எண்ணெயைத் தள்ளும். பசையின் மேல் பழி சுமத்தப்படும் ஒழுக்குகளிற் சில இக்குழாயின் குற்றமே.

கதையின் முடிவு

பையனின் எஞ்சின் மீண்டும் பூட்டப்பட்டது. பழைய தலையொன்றை வேறோர் எஞ்சினிலிருந்து தேடி எடுத்தனர். முதியவர் பக்கத்தில் ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். வேலை முழுவதையும் பையனே செய்தான். எண்ணெய் வழிகள் ஒவ்வொன்றையும் கழுவி, ஊதி, மறுபுறம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த பாகத்தைத் தொட அவனுக்கு அனுமதி கிடைத்தது. பசை பூசும் கட்டம் வந்தபோது, “இன்னும் குறை, தம்பி” என்று அவர் மூன்று முறை சொன்னாராம். ஒரு நாள் முழுவதும் எஞ்சின் தொடப்படாமற் கிடந்தது. அதற்கு மறுநாள் அதிகாலை தந்தையார் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அண்மையில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அந்த மோட்டார் சைக்கிள் வேலியோரம் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டோம். எஞ்சினின் அடியில் மணல் உலர்ந்திருந்தது. யன்னற் கட்டையின் மேல் பசைக் குழாய் ஒன்று கிடந்தது. முதல் முறை ஒரு குழாய் முழுவதையும் விழுங்கிய அதே எஞ்சினுக்கு, இரண்டாம் முறை அதில் எவ்வளவு செலவாயிற்று என்று வினவினோம். பையன் சிரித்துக்கொண்டே குழாயை எடுத்து நமது கையிலே தந்தான். அது ஏறக்குறைய நிறையவே இருந்தது.